சுண்ணாம்புக்கல்லும் கால்ஸைட்டும்: தொழிற் பயனும் நிலமுடையோர் கவனிக்க வேண்டுவனவும்

சுண்ணாம்பை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. வெற்றிலைக்குத் தடவுவதும், சுவருக்கு வெள்ளையடிப்பதும், வெல்லங் காய்ச்சும் கொப்பரையில் தெளிவு நீராக வார்ப்பதும் அதுவே. ஆயினும், அச்சுண்ணாம்பிற்கு மூலமாகிய கல் தம் நிலத்தின் அடியிற் கிடந்தும், அது எவ்வகையைச் சேர்ந்தது, எவ்வளவு உள்ளது, எத்தொழிலுக்கு உதவும் என்பவற்றை ஆராயாமல், மானாவாரிப் பூமியின் விலைக்கே அதனை விற்றுவிடுவோர் உளர். மற்றொரு புறம், சுண்ணாம்பு எல்லா மண்ணுக்கும் உரமாகும் என்றெண்ணி, அது ஏற்கெனவே மிகுந்துள்ள கரிசலிலும் களரிலும் கொட்டிப் பொருளை விரயஞ் செய்வோரும் உளர். இவ்விரு நஷ்டங்களும் அறியாமையால் நேர்வன. சிறிது கவனத்தால் தவிர்க்கக்கூடியன. ஆகையால் இக்கல்லின் இயல்பு, கிடைக்குமிடம், சோதனை, தொழிற் பயன், பயிர்த்தொழிற் பயன், சட்ட நிலை ஆகியவை இங்கு முறையே கூறப்படுகின்றன.

1. கல்லின் இயல்பு

சுண்ணாம்புக்கல்லின் முக்கியப் பொருள் கால்ஷியம் கார்பனேட்டு என்பதாகும். அஃது இயற்கையிற் படிக உருவில் அமையும்போது கால்ஸைட் எனப் பெயர் பெறும். எனவே கால்ஸைட் என்பது ஒரு தாது. சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் அத்தாதுவால் ஆகிய பாறை. பாறையில் களிமண், மணல், இரும்புத்துரு, மக்னீஷியம் முதலியவை பல அளவிற் கலந்திருக்கும். இக்கலப்பின் அளவே கல்லின் விலையையும் உபயோகத்தையும் நிர்ணயிப்பது.

தூய கால்ஸைட் நீரைப்போல் இரண்டே முக்கால் பங்கு கனமுடையது. கத்தி முனையாற் கீறினால் கீறல் விழும். நகத்தாற் கீற இயலாது. உடைத்தால் சாய்சதுர முகங்களுள்ள துண்டுகளாகவே உடையும். அத்துண்டை மேலும் உடைத்தாலும் அதே வடிவமே வரும். மிகத் தெளிவான கால்ஸைட்டை எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தோன்றும். ஐஸ்லாந்துத் தீவிற் கிடைத்த இவ்வகைக் கல்லைக்கொண்டு இவ்வியல்பை 1669-இல் பார்த்தோலின் என்னும் டேனிஷ் சாஸ்திரியார் விவரித்தார். 1828-இல் நிக்கல் என்பவர் இதனைக்கொண்டு அமைத்த பட்டகம் பின்னர் நுண்நோக்கிகளிற் பாறைகளை ஆராய்வதற்குப் பெரிதும் பயன்பட்டது.

2. தமிழ்நாட்டிற் கிடைக்கும் வகைகள்

தமிழ்நாட்டில் இக்கல் நான்கு விதமாகக் கிடைக்கிறது.

முதலாவது, கடலடியிற் படிந்தது. அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் ஒரு பகுதியைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகள், பவழப் பூச்சிகள் முதலியவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. கல்லக்குடிக்கு அருகிலுள்ள பவழப் படுகையும், அரியலூரையடுத்த கல்லங்குறிச்சியிற் சிப்பிகள் நிறைந்த படுகையும் இவ்வகையின. இப்பிரதேசத்தை ஆராய்ந்த பிளான்போர்டு என்பவரின் விவர அறிக்கையை இந்தியப் பூஸ்தர ஆராய்ச்சித் துறையினர் 1862-இல் வெளியிட்டனர். காருடமங்கலத்துச் சிப்பிக்கல் மெருகிட்டால் அழகு பெறுவதால், ‘திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்’ என்று பெயர் பெற்றது.

இரண்டாவது, பூமியின் உட்சூட்டாலும் அமுக்கத்தாலும் படிக உரு அடைந்த கல். இது சர்க்கரைக் கற்கண்டைப் போல் மணிமணியாக மின்னும். கோயம்புத்தூரையடுத்த மதுக்கரை, சேலம் ஜில்லாவிற் சங்ககிரி, திருநெல்வேலியையடுத்த தாழையூத்து, விருதுநகர் ஜில்லாவிற் பந்தல்குடி முதலிய இடங்களில் இது நீண்ட பட்டைகளாகச் செல்கிறது. பருமணியான கால்ஸைட் இப்பட்டைகளிலேயே காணப்படும். தனிக் கால்ஸைட்டாகத் தோண்டியெடுப்பது இந்தியாவில் பெரும்பாலும் ராஜஸ்தானத்திலாகும்.

மூன்றாவது, சுக்கான்கல். மழைநீரிற் கரைந்த சுண்ணாம்பு, வெயிற்காலத்தில் நீர் வற்றும்போது மண்ணுக்குள்ளேயே உருண்டைகளாகத் திரள்வதால் இஃது உண்டாகிறது. கரிசற் காடுகளிலும் ஓடைக் கரைகளிலும் உழும்போது கொழுவில் தட்டுப்படுவது இதுவே. இதிற் களிமண் கலந்திருப்பதால் சுட்ட சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகுந் தன்மையுடையது. பழைய கட்டிடங்களுக்கும் கிணற்றுச் சுவர்களுக்கும் இதனை விரும்பி உபயோகித்தனர்.

நான்காவது, கிளிஞ்சலும் பவழப்பாறையும். கிளிஞ்சற் சுண்ணாம்பு மிக வெண்மையானது. தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு காலத்திற் கடலிலுள்ள பவழப்பாறைகளையும் வெட்டிச் சுட்டு வந்தனர். அவ்வாறு வெட்டியதன் பயனாக மன்னார் வளைகுடாவில் இரண்டு சிறு தீவுகள் நீரில் மூழ்கின. 1986-இல் அவ்வளைகுடாவின் தீவுகள் தேசீயப் பூங்காவாக்கப்பட்டன. 2001-இல் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பது குற்றமாகும்.

3. கல்லை அறியும் முறை

வெண்மையாயிருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் அன்று. வெங்கச்சான் கல் வெண்மையாயினும் கத்தியாற் கீற இயலாதது. அதுவே கண்ணாடியைக் கீறும். ஜிப்சம் என்பது நகத்தாலேயே கீறக்கூடியது, அமிலத்திற் பொங்காது. சேலத்தையடுத்த வெண் குன்றுகளை ஆங்கிலேயர் ‘சாக்குக் குன்றுகள்’ என்றழைத்தபோதிலும், அங்குள்ளது சுண்ணாம்பின் சேர்க்கையன்று. மாக்னஸைட் என்னும் மக்னீஷியத் தாதுவே.

சுண்ணாம்புக்கல்லுக்குரிய எளிய சோதனை அமிலச் சோதனையாம். நீர் கலந்து பலங் குறைத்த ஹைட்ரோகுளோரிக் திராவகம் ஒரு துளியைக் கல்லின் புது முறிவில் விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். திராவகம் அகப்படாதவிடத்துக் கல்லை நன்கு பொடி செய்து எலுமிச்சம் பழச்சாற்றைப் பிழிந்தாலும் சிறு குமிழிகள் எழும். மாக்னஸைட்டும், மக்னீஷியம் மிகுந்த டாலமைட்டும் குளிர்ந்த திராவகத்தில் எளிதிற் பொங்கமாட்டா. பொடி செய்தாலோ சூடு காட்டினாலோதான் நன்கு பொங்கும்.

கல்லிலுள்ள கசடின் அளவைத் தோராயமாக அறிவதும் கடினமன்று. பொடித்த கல் 10 கிராம் எடுத்துப் பொங்குதல் அடங்கும்வரை திராவகம் விட்டு, கரையாமல் நின்றதை வடிகட்டிக் கழுவி உலர்த்தி நிறுத்தல் வேண்டும். நின்றது 2 கிராமானால், கல்லில் ஏறக்குறைய 20 சதவீதம் மணலும் களிமண்ணும் உளவென்று கொள்ளலாம். ஆயினும் இச்சோதனை மக்னீஷியத்தைப் பிரித்துக் காட்டாது. சிமிண்டிற்கு மக்னீஷியம் தீங்கு செய்வதாகையால், விலை பேசுமுன் முறையான ரசாயனப் பரிசோதனை செய்வித்துக் கொள்ளுதல் அவசியம். மாதிரியை ஒரே இடத்தில் எடுக்கலாகாது. நிலத்தின் பல பாகங்களிலும் பல ஆழங்களிலும் எடுத்துத் தனித்தனியே குறியிட்டு அனுப்ப வேண்டும்.

4. சுடுதலும் நீற்றுதலும்

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு சூட்டிற்குக் கொண்டுவந்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கல்லிற் பொதிந்துள்ள இவ்வாயுவைப் பிரித்தறிந்து 1756-இல் வெளியிட்டவர் ஸ்காத்லாந்து தேசத்து ஜோஸப் பிளாக் என்பவர். தூய கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ வாயுவாகப் போகும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ நீரை உட்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும்.

இக்கணக்கு வியாபாரத்தில் உபயோகப்படுவது. கல்லில் 80 சதவீதமே சுண்ணாம்புச் சத்தானால், 100 கிலோவிலிருந்து வரும் சுட்ட பொருள் ஏறக்குறைய 65 கிலோ. அதில் உண்மைச் சுண்ணாம்பு 45 கிலோவே. எடை மிகுந்திருப்பினும் சத்துக் குறைந்திருக்குமாகையால், சுண்ணாம்பு வாங்குவோர் எடையை மாத்திரம் கருதாமல், நீற்றும்போது எவ்வளவு விரைவிற் சூடேறிப் பொரிந்து மாவாகிறது, எவ்வளவு கட்டி மிஞ்சுகிறது என்பவற்றையும் பார்த்தல் வேண்டும்.

காளவாயிற் கல்லையும் கரியையும் மாறி மாறி அடுக்கி அடியில் தீ மூட்டுவது வழக்கம். சூடு குறைந்தால் கட்டியின் நடுவே வேகாத கல் நிற்கும். சூடு மிகுந்தால் களிமண் உருகிச் சுண்ணாம்பைச் சூழ்ந்து, நீற்றப்படாத கட்டியாகும். கல்லை ஏறக்குறைய ஒரே அளவாக உடைத்தலே இதற்குப் பரிகாரம்.

இரண்டு அபாயங்களைக் குறிப்பிடுதல் அவசியம். எரியும் காளவாயின் வாயிலிருந்து வரும் வாயுக்கள் உயிரைப் போக்குவன. குளிர்காலத்தில் அதன் அனலை நாடி அருகில் உறங்கலாகாது. சுட்ட சுண்ணாம்பு ஈரம் பட்டால் வைக்கோலும் தீப்பற்றுமளவு கொதிக்கும். ஆகையால் மழை நாளிற் கூரைக் கொட்டகையில் வைப்பதும் வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றுவதும் கூடா. நீற்றுவோர் கண்களைக் காத்துக்கொள்ளல் வேண்டும். கண்ணிற் பட்டால் உடனே மிகுந்த நீராற் கழுவி வைத்தியரிடஞ் செல்லுதல் முறை.

5. தொழிற்சாலைகளில் உபயோகம்

சுண்ணாம்புக்கல்லை மிகுதியாகக் கொள்வது சிமிண்டுத் தொழில். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே நீருக்குள் இறுகுஞ் சுண்ணாம்பைத் தரும் என்பதை ஆங்கிலேய எஞ்சினீயர் ஸ்மீட்டன், எட்டிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய காலத்தில் கண்டறிந்தார். அக்கட்டிடம் 1759-இல் முடிவுற்றது. 1824-இல் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமிண்டு என்னும் பெயரால் உரிமை பெற்றார். இக்காலத்தில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் மாவாக அரைத்துச் சுமார் 1,450 டிகிரி சூட்டிற் பாதி உருகுமாறு சுட்டு, வரும் கட்டிகளுடன் சிறிதளவு ஜிப்சஞ் சேர்த்து அரைப்பதே சிமிண்டாகிறது.

இந்தியாவிற் சிமிண்டு செய்யும் முதல் முயற்சி 1904-இல் சென்னையிற் கிளிஞ்சலைக்கொண்டு நடந்தது, அது நிலைக்கவில்லை. பின்னர் மதுக்கரையில் 1934-இலும், கல்லக்குடிக்கு அருகில் 1939-இலும், தாழையூத்தில் 1949-இலும் ஆலைகள் உற்பத்தி தொடங்கின. கல் கிடைக்குமிடத்திலேயே ஆலையும் அமைகிறது. ஏனெனில் ஒரு டன் சிமிண்டுக் கட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கல் வேண்டும், அதனைத் தூரம் சுமந்து செல்லுதல் கட்டுபடியாகாது. ஆலையை அண்டிய கிராமங்களின் நிலங்களே அதற்குத் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

இரும்பு உருக்கும் உலையிற் சுண்ணாம்புக்கல் கசடைப் பிரித்துக் கசண்டாக்கி வெளியேற்றுகிறது. இதற்கு மணற்சத்துக் குறைந்த கல் வேண்டும். கண்ணாடி செய்ய இரும்புத்துரு மிகக் குறைந்த கல் வேண்டும். இல்லையேற் கண்ணாடி பச்சை நிறங் கொள்ளும். சர்க்கரை ஆலைகளிற் கருப்பஞ்சாற்றிலுள்ள அமிலத்தையும் அழுக்கையும் நீக்கச் சுண்ணாம்புப் பால் சேர்க்கப்படுகிறது. ஊரில் வெல்லங் காய்ச்சுவோர் செய்வதும் அதுவே. அளவு மிகுந்தால் வெல்லங் கறுக்கும். தோல் பதனிடுவோர் மயிரை நீக்கத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைக்கின்றனர். நீற்றிய சுண்ணாம்பிற் குளோரின் வாயுவைச் செலுத்தினால், கிணற்று நீரைச் சுத்தி செய்யும் வெளுப்புத்தூள் ஆகிறது. சுட்ட சுண்ணாம்பையும் கரியையும் மின்சார உலையிற் சேர்த்து உருக்கினாற் கார்பைடு உண்டாகும். அதில் நீர் பட்டால் எழும் வாயுவே இரும்பைப் பற்றவைக்க உதவுவது.

கால்ஸைட்டின் மதிப்பு அதன் வெண்மையைப் பொறுத்தது. நுண்ணிய மாவாக அரைத்து வர்ணப் பூச்சு, ரப்பர், காகிதம், பற்பொடி முதலியவற்றிற் சேர்க்கின்றனர். கோழித் தீவனத்திற்கும் அது செல்லுகிறது. ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்ஷியம் உண்டு. முட்டையிடுங் கோழிகளின் தீவனத்தில் அச்சத்து 3 1/2 முதல் 4 சதவீதம் இல்லையேல் ஓடு மெலியும். கோழிப் பண்ணைகள் மிகுந்த நாமக்கல் பிரதேசத்தில் இதன் தேவை பெரிது. வேற்று மணலோ சாயமோ கலவாத கல்மாவே தீவனத்திற்குத் தகும்.

6. பயிர்த்தொழிலில் உபயோகம்

சுண்ணாம்பு ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு விதமாகப் பயன்படும் பொருள். அதனை இடுவதற்குமுன் மண்ணைச் சோதித்தல் இன்றியமையாதது.

நீலகிரி போன்ற மழை மிகுந்த மலைநாடுகளிற் சுண்ணாம்புச் சத்து நீரில் அடித்துச் செல்லப்பட்டு மண் புளித்திருக்கும். அங்கு உருளைக்கிழங்கு, காய்கறி முதலியவை பயிரிடும் நிலத்திற்குச் சுண்ணாம்பு இடுதல் நன்மை தரும். புளிப்பு நீங்கினால், மண்ணிற் கட்டுண்ட பாஸ்வரச் சத்து வெளிப்படும். நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் பெருகும். தேயிலை புளித்த மண்ணையே விரும்புவதாகையால் அதற்கு மிதமிஞ்சிச் சுண்ணாம்பிடலாகாது. இடவேண்டிய அளவை மண் பரிசோதனையே காட்டும். கல்மாவு 1,000 கிலோவின் வேலையை நீற்றிய சுண்ணாம்பு 740 கிலோவும், சுட்ட சுண்ணாம்பு 560 கிலோவும் செய்யும். ஆகையால் விலையை ஒப்பிடும்போது இவ்வளவுகளையே ஒப்பிட வேண்டும். கல்மாவு மெதுவாக வேலை செய்யினும் பயிரைச் சுடாது. எவ்வளவு நுண்ணியதாக அரைக்கப்பட்டுளதோ அவ்வளவு விரைவிற் பயன் தரும்.

சமவெளியிலுள்ள கரிசலின் நிலை முற்றிலும் வேறு. அங்குச் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்துள்ளது; சுக்கான்கல் காண்பதே அதற்குச் சாக்ஷி. மேலும் இடுவதால், இரும்பு, துத்தநாகம் முதலிய சத்துக்கள் பயிருக்கு எட்டாமற் போகும். இத்தகைய நிலத்தில் நிலக்கடலையின் அல்லது கரும்பின் இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடையிடம் மஞ்சளாகவும் காணின், அது இரும்புச் சத்துக் குறைவு. 100 லிட்டர் நீரில் அரை முதல் ஒரு கிலோ அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளித்தலே அதற்குப் பரிகாரம், சுண்ணாம்பு அன்று.

களர் நிலத்திலும் சுண்ணாம்பு பயன்படாது. அங்கு மண்ணைக் கெடுப்பது சோடியமாகும். அதனை விலக்கக் கரையக்கூடிய கால்ஷியம் வேண்டும். சுண்ணாம்புக்கல் களரிற் கரையாது, ஜிப்சம் கரையும். ஜிப்சத்தை இட்டு, நீர் கட்டி, வடிகால் வழியே உப்பைக் கழுவி வெளியேற்றிப் பின்னர்த் தக்கைப்பூண்டு, கொளுஞ்சி முதலிய பசுந்தாளை மிதித்தால் நிலம் தேறும். பசுந்தாள் அழுகுங்கால் உண்டாகும் அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் சிறிது சிறிதாகக் கரைக்கும். வடிகால் இல்லாதவிடத்து ஜிப்சமும் வீணே.

உரங்களைக் கலப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அம்மோனியம் சல்பேட்டுடன் சுண்ணாம்பைக் கலந்தால் தழைச்சத்து காற்றிற் போய்விடும்; மூக்கைத் துளைக்கும் நெடியே அதன் அடையாளம். சூப்பர்பாஸ்பேட்டுடன் கலந்தால் கரைந்திருக்கும் மணிச்சத்து மீண்டும் கரையா நிலைக்குத் திரும்பும். சுண்ணாம்பை முன்னரே இட்டு உழுது, சில வாரங்கள் கழித்து உரமிடுதல் முறை.

பூஞ்சாண நோய்களுக்குரிய போர்டோக் கலவைக்கும் சுண்ணாம்பு வேண்டும். பிரான்சு தேசத்து மில்லார்டே என்பவர் திராக்ஷைக் கொடிகளில் இதன் பயனைக் கண்டு 1885-இல் வெளியிட்டார். 1 சதவீதக் கலவைக்கு, 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை நீற்றி 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, வடிகட்டி, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. தீட்டிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியுமாயின் சுண்ணாம்பு போதவில்லையென்று அறிந்து மேலுஞ் சேர்த்தல் வேண்டும். பழைய, காற்றுண்டு கெட்ட சுண்ணாம்பை உபயோகிப்பதே கலவை இலையைக் கருக்குவதற்கு முக்கிய காரணம். கலந்த அன்றே தெளித்துவிடவேண்டும்.

7. நிலத்தடியிலுள்ள கல்லின் அளவு

ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். கனமீட்டர் ஒன்றுக்குக் கல்லை இரண்டரை டன்னாகக் கொண்டால், ஒரு மீட்டர் கனமுள்ள படுகையில் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000 டன் கல் உண்டு. படுகை 10 மீட்டர் கனமானால் அது 1 லட்சம் டன். ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமிண்டுக் கட்டி சுடும் ஆலைக்கு 15 லட்சம் டன் கல் வேண்டுமாகையால், அத்தகைய படுகையில் ஆண்டுதோறும் 15 ஏக்கர் தோண்டப்படும்.

நிலத்தை விற்போர் இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தல் நலம். கல் முழுவதின் விலையும் நிலமுடையவருக்குச் சேருமென்று எண்ணலாகாது. மேல்மண்ணை நீக்குங் கூலி, தோண்டுங் கூலி, அரசினருக்குச் செலுத்தும் கனிய உரிமைத்தொகை ஆகியவை உண்டு. கல் எங்கும் ஒரே தரமாயும் இராது. ஆயினும், சோளமும் பருத்தியும் விளையும் நிலத்தின் விலைக்கும், இவ்வளவு கல்லைத் தன்னகத்தே கொண்ட நிலத்தின் விலைக்கும் வித்தியாசம் உண்டென்பதை மறத்தலாகாது. விற்பனையோ குத்தகையோ எதுவாயினும், துளையிட்டுப் பார்த்த படுகையின் கனத்தையும் கல்லின் தரத்தையும் அறிந்த பின்னரே பேசுதல் விவேகம்.

8. சட்ட நிலை

பட்டா நிலமாயினும் அநுமதியின்றிக் கல் தோண்டலாகாது. சிமிண்டு முதலிய பெருந்தொழில்களுக்குரிய சுண்ணாம்புக்கல் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் பற்றிய சட்டத்திற்கு உட்பட்டது. 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அதற்குரிய குத்தகைகள் ஏல முறையில் அளிக்கப்படுகின்றன. கட்டிடச் சுண்ணாம்பிற்காகக் காளவாயிற் சுடும் சுக்கானும் கிளிஞ்சலும் சிறு கனியங்கள். அவற்றைத் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிய விதிகள் ஆளுகின்றன. அநுமதியின்றித் தோண்டுவோருக்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. நிலத்தைப் பிறரிடம் விட்டுவிட்டதாற் பொறுப்பு நீங்கிவிட்டதென உடையவர் கருதுதல் கூடாது.

கேரளத்து வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம், வேறு சட்டத்தால் உரிமை நீக்கப்பட்டிருந்தாலன்றி, நிலத்தின் உடைமையாளரே பொதுவாக அடியிலுள்ள கனியத்திற்கும் உரியவராவர் என்று தீர்ப்புக் கூறியது. ஆனால் உடைமை வேறு, தோண்டும் அநுமதி வேறு. கனியம் தம்முடையதாயினும் மேற்கூறிய சட்டத்தின்படியே அதனை எடுத்தல் வேண்டும். அரசினரிடம் குத்தகை பெற்றவர் பிறர் நிலத்திற் பிரவேசிப்பதாயின், அந்நிலத்தை அநுபவிப்பவருக்கு நஷ்டஈடு தருதல் வேண்டுமென்றும் சட்டம் கூறுகிறது.

9. மேல்மண்ணும் கிணறும்

கல்லைத் தோண்டினால் மீண்டும் விளையாது. மேல்மண்ணையும் அடிக்கல்லோடு கலந்து கொட்டிவிட்டால், குழியை மூடினாலும் பயிர் செய்ய இயலாது. ஒரு விரற்கடை மேல்மண் உண்டாகப் பல தலைமுறைகள் செல்லும். ஆகையால் குத்தகைப் பத்திரத்தில், மேல்மண்ணைத் தனியே எடுத்து, கரையிட்டுப் புல் வளர்த்துக் காத்து, தோண்டி முடிந்த பகுதியில் மீண்டும் பரப்ப வேண்டுமென்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பெருங்கனியச் சுரங்கங்களில் மேல்மண்ணைச் சேமித்து உபயோகிக்க வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டின் கனியப் பாதுகாப்பு விதிகளும் கட்டளையிடுகின்றன.

குழி நீர்மட்டத்திற்குக் கீழே செல்லுமாயின், அந்நீரை இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டும். அப்போது அண்டைக் கிணறுகளின் நீர் இறங்கக்கூடும். பின்னால் வழக்கு நேருங்கால், முன் எவ்வளவு நீர் இருந்ததென்பதற்கு எழுத்துமூலச் சான்று இராவிடிற் கிணற்றுக்காரர் கூறுவது எடுபடாது. எனவே தோண்டுதல் தொடங்குமுன் ஓர் ஆண்டேனும், கோடையிலும் மழைக்காலத்திலும், சுற்றிலுமுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, தேதியுடன் பலர் முன்னிலையில் எழுதிவைத்தல் மிகப் பயனுள்ள காரியம்.

குழிகளிற் பின்னர் மழைநீர் தேங்கும். ஓரங்களைச் சரிவாக்கி வேலியிட்டால் அது கால்நடைகளுக்கும் பாசனத்திற்கும் உதவும் நீர்நிலையாகும். செங்குத்தாக விட்டுவிட்டால் குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எமனாகும்.

10. கிராமாதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

குத்தகை விண்ணப்பம் வருங்கால், கீழ்க்கண்டவற்றைக் கணக்குகளோடு ஒத்துப்பார்த்துக் குறித்தல் நன்று.

(1) நிலத்தின் சர்வே நம்பரும் எல்லைக் கற்களும் வரைபடத்திற் கண்டவாறு இருக்கின்றனவா என்பது.

(2) நிலத்தினுள் ஓடை, வாய்க்கால், ஏரிக்கு நீர் வரும் வழி, வண்டிப்பாதை, மயானம் முதலிய புறம்போக்குகள் உளவா என்பது. வரத்துக்கால் ஒன்று அறுபட்டால் தோண்டும் நிலத்திற்கு வெகுதூரத்திலுள்ள ஏரியின் ஆயக்கட்டும் காய்ந்துவிடும்.

(3) கூட்டுப்பட்டாவாயின் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் உண்டா என்பது.

(4) அடங்கலில் முன் ஆண்டுகளிற் பதிந்துள்ள சாகுபடியும், கிணறு மரங்களும். நஷ்டஈட்டிற்கு அடிப்படையாவன இப்பதிவுகளே.

(5) 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெருங்கனியக் குத்தகைதாரர் செலுத்தும் தொகையிலிருந்து ஜில்லாதோறும் ஏற்படுத்தப்பட்ட கனிய நிதி, தோண்டுதலாற் பாதிக்கப்பட்ட ஊர்களின் நன்மைக்குரியது. குடிநீர், வைத்தியம், பள்ளிக்கூடம் முதலியவற்றிற்கு அந்நிதியிலிருந்து உதவி வேண்டுவதை ஊரார் தெரிந்துகொள்ளச் செய்தல் கடமையாகும்.

சுண்ணாம்பு இடக் கருதுவோர் முதலில் மண்ணைச் சோதிக்கவும். கல்லை விற்கக் கருதுவோர் முதலிற் கல்லைச் சோதிக்கவும். மண் மாதிரிகளை அண்மையிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்கு முன் நிலம் வெறுமையாயிருக்கும் காலமே இரு வகை மாதிரிகளையும் எடுப்பதற்கு ஏற்றது.